அம்பாசிடர் கதவின் உட்புறம்

பழைய கார் ஒன்றைச் சீரமைக்கும்போது என்ஜினுக்கும் பெயின்ட்டுக்கும் கிடைக்கும் கவனம் கதவுகளுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் மழை, வெயில், புழுதி மூன்றையும் ஒருசேர ஏற்பதும், ஒரு நாளில் பலமுறை திறந்து அறைந்து சாத்தப்படுவதும், விபத்து நேரும்போது பயணி வெளியே தூக்கி எறியப்படாமல் காப்பதும் கதவுதான். பூட்டு, கண்ணாடி, அதை ஏற்றி இறக்கும் பொறி, அது ஓடும் தடங்கள், இணைப்புக் கம்பிகள், ஸ்பிரிங்குகள், ரப்பர் பட்டைகள் ஆகியவை இரு தகடுகளுக்கு இடையே ஒரு சாண் அகலம்கூட இல்லாத இடைவெளியில் அடங்கியிருக்கின்றன. அவற்றைக் கழற்றுவது எளிது. மீண்டும் சேர்ப்பதைப் பழுதுபார்ப்புக் கையேடுகள் பெரும்பாலும் "கழற்றிய வரிசைக்கு எதிர்வரிசையில் பொருத்துக" என்ற அளவில் சொல்லி முடித்துவிடுகின்றன. அந்த வாசகம் பொய்யன்று. ஆயினும் வேலையின் பெரும்பகுதியை அது சொல்லாமல் விட்டுவிடுகிறது. பழைய காரின் கதவில் ஒவ்வோர் உறுப்பும் அதனதன் இடத்தில் இருந்தால் மட்டும் போதாது, ஒன்று மற்றொன்றுக்கு இசையவும் வேண்டும் என்பதையும், அந்த இசைவு கையேட்டில் இல்லாமல் வேலை செய்பவரின் கையில் இருக்கிறது என்பதையும் அறிந்தவர்களே இந்த வேலையைச் சரியாகச் செய்கிறார்கள்.

அத்தகையவர்கள் உருவான இடங்களில் ஒன்று சேலம் வட்டாரம். சேலத்தை அடுத்த கஞ்சமலைப் பகுதியில் உள்ள இளம்பிள்ளை சேலை நெசவுக்குப் பெயர்பெற்ற ஊர்; அதைச் சூழ்ந்த சமவெளியோ வண்டித் தொழிலுக்குப் பெயர்பெற்றது. சங்ககிரி லாரி உரிமையாளர்களின் ஊராகவும், திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளின் ஊராகவும், நாமக்கல் லாரிகளுக்குப் பாடி கட்டும் ஊராகவும் வளர்ந்தன. தொழிற்சாலையிலிருந்து கேபின்கூட இல்லாமல் வெறும் சேசிஸாக வந்து சேர்ந்த லாரிகளுக்கு, ஓட்டுநர் அமரும் அறையையும் அதன் கதவுகளையும் நாமக்கல் பட்டறைகள் மரமும் தகடும் கொண்டு கையாலேயே உருவாக்கி வந்தன. கையால் செய்யப்படும் இரண்டு கதவுகள் அச்சில் வார்த்ததுபோல் ஒன்றாக அமைவதில்லை. கதவு அதன் வாசலுக்கு ஏற்பத் தட்டியும் அராவியும் பழக்கப்படுகிறது. பழைய கார்க் கதவு கேட்பதும் இதே பழக்கத்தைத்தான். ஆகவே அத்தகைய கதவைச் சரிசெய்யத் தெரிந்த டிங்கர் கைகள் இந்த வட்டாரத்தில் உருவானதில் வியப்பில்லை.

தமிழ்நாட்டில் பழைய கார் என்றவுடன் முதலில் நினைவுக்கு வரும் வண்டி அம்பாசிடர். 1942-இல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரின் இரண்டாம் வரிசையை லேண்ட்மாஸ்டர் என்ற பெயரிலும், மூன்றாம் வரிசையை 1957 முதல் அம்பாசிடர் என்ற பெயரிலும் கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரித்தது. 2014 மே மாதத்தில் தயாரிப்பு நிறுத்தப்படும்வரை அதன் உடலமைப்பு அடிப்படையில் பெரிதும் மாறவில்லை. மும்பையில் உருவான ஃபியட் 1100, அதன் வழிவந்த பிரீமியர் பத்மினி, சென்னையை அடுத்த வண்டலூரில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகியவையும் அக்காலத்துச் சாலைகளில் ஓடின. உருவம் மாறாததால் ஓர் அம்பாசிடரின் கதவு வேறோர் அம்பாசிடருக்கு அப்படியே பொருந்திவிடும் என்று கருதுவது பிழை. நீண்ட காலம் தேய்ந்த அச்சுகளில் அழுத்தப்பட்ட தகடுகளும், தொழிற்சாலையிலேயே கையால் ஒத்துப் பார்த்துப் பொருத்தப்பட்ட இடைவெளிகளும், பின்னாளில் நேர்ந்த மோதல்களும் பழுதுகளும் சேர்ந்து ஒவ்வொரு கதவையும் அதன் சொந்த வண்டிக்கு உரியதாக ஆக்கிவிட்டிருக்கும்.

கதவின் அமைப்பில் இரண்டு தகடுகள் உள்ளன. வெளியே தெரியும் மெல்லிய தகட்டின் ஓரங்கள், உள்தகட்டின் விளிம்பைச் சுற்றி மடித்து அழுத்தப்பட்டிருக்கும். உள்தகட்டில் கை நுழையும் அளவுக்குத் துளைகள் விடப்பட்டிருக்கும். உறுப்புகள் அனைத்தும் அந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே செல்ல வேண்டும். மேலே, கண்ணாடி வெளிவரும் நீண்ட பிளவின் இருபுறமும் கண்ணாடியைத் தடவிக்கொண்டிருக்கும் ரப்பர் அல்லது துணிப்பட்டைகள் இருக்கும். இந்தப் பட்டைகள் மழைநீரை முற்றிலும் தடுத்துவிடும் என்பது பரவலான தவறான எண்ணம். கண்ணாடியில் வழியும் நீரில் ஒரு பகுதி எப்படியும் கதவுக்குள் இறங்கும். அது இறங்கும் என்பதை ஏற்றுக்கொண்டே கதவு வடிவமைக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இறங்கிய நீர் வெளித்தகட்டின் உட்புறமாக வழிந்து, கதவின் அடி விளிம்பில் உள்ள வடிகால் துளைகள் வழியே தரையில் சொட்டிவிட வேண்டும். கதவு என்பது நீர் புகாத பெட்டியன்று, நீரை வாங்கி வெளியே விடும் வழி என்ற இந்த ஓர் உண்மையைப் புரிந்துகொள்ளாததால்தான் பெரும்பாலான பழைய கார்க் கதவுகள் அடியிலிருந்து துருப்பிடித்து அழிகின்றன.

சேலம், நாமக்கல் சமவெளியில் மழை குறைவு என்பதால் துருவும் குறைவாக இருக்கும் என்று நம்பிவிட முடியாது. ஆண்டின் பெரும்பகுதி கதவுக்குள் இறங்குவது செம்மண் புழுதி. அது பழைய கிரீஸுடன் கலந்து பற்சக்கரங்களை அரைக்கும் பசையாக மாறுகிறது. அடி மடிப்பில் படிந்து வடிகால் துளைகளை அடைக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரத்தை உறிஞ்சி நாட்கணக்கில் தகட்டோடு ஒட்டவைத்துக்கொள்கிறது. மடிப்புக்குள் தேங்கிய ஈரம் வெளியே தெரியாமல் உள்ளிருந்து அரிப்பதால், பெயின்ட் கொப்புளிக்கும் நாளில் தகடு ஏற்கெனவே சல்லடையாகியிருக்கும். வெயில் செய்யும் கேடு வேறு வகை: ரப்பர் இறுகி வெடித்துத் தன் பிடிமானத்தை இழக்கிறது. கஞ்சமலை இரும்புத்தாதுக்குப் பெயர்பெற்றது. அதன் அடிவாரத்தில் உள்ள சேலம் உருக்காலையில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டப்படுகிறது. ஆனால் அம்பாசிடரின் கதவு சாதாரண மென்னெஃகுத் தகடு. அதற்குப் பெயின்ட்டையும் மெழுகையும் தவிர வேறு காப்பு இல்லை.

எனவே உறுப்புகளைத் திரும்பப் பொருத்துவதற்கு முன்பே வேலையின் முக்கியமான கட்டம் தொடங்கிவிடுகிறது. கதவு அதன் கீல்களில் தொங்கி, நாற்புறமும் இடைவெளி சீராக அமைந்ததை உறுதி செய்த பின்னரே உள்ளே எதையும் பொருத்த வேண்டும். தொங்கிப்போன கீலோடு பூட்டைப் பொருத்திவிட்டுப் பிறகு கதவை உயர்த்தினால் பூட்டின் அமைப்பு முழுவதும் மாறிவிடும். கீல் ஊசி தேய்ந்திருந்தால் அதை மாற்றுவதற்கு மாறாகப் பூட்டு மாட்டும் தகட்டைக் கீழே இறக்குவது பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் குறுக்குவழி. அது சில மாதங்களில் மீண்டும் கழற்ற வைக்கும் வேலை. உட்புறத் தகட்டைச் சுரண்டித் துருவை அகற்றி, துரு எதிர்ப்புப் பூச்சு கொடுத்து, அடி மடிப்பில் மெல்லிய மெழுகை ஓடவிட்டு, வடிகால் துளைகளைப் பட்டியோ பெயின்ட்டோ அடைத்திருந்தால் கம்பியால் குத்தித் திறந்துவிட வேண்டும். வெளித்தகட்டின் உட்புறத்தில் தார் கலந்த அதிர்வுத் தடுப்புப் பட்டையை ஒட்டுவதும் இந்தக் கட்டத்தில்தான் முடியும். கதவு சாத்தும்போது வெறும் தகர ஓசை எழாமல் கனமான ஒலி எழுவதற்கு அந்தப் பட்டையே காரணம்.

முதலில் உள்ளே செல்லும் உறுப்புகளில் ஒன்று பூட்டு. கதவின் பின்விளிம்பில் அமரும் கவ்வியும், காரின் தூணில் பதிந்திருக்கும் ஸ்டிரைக்கர் என்ற பிடியும் சேர்ந்ததே பூட்டு. உட்புறக் கைப்பிடி நீண்ட கம்பி ஒன்றின் வழியாகக் கவ்வியை இழுக்கிறது. அழுத்துபொத்தான் உள்ள வெளிக் கைப்பிடி நேரடியாகக் கவ்வியின் நெம்புகோலைத் தள்ளுகிறது. பொத்தானின் முனைக்கும் நெம்புகோலுக்கும் இடையே சிறிது இடைவெளி இருந்தாக வேண்டும். இடைவெளி மிகுந்தால் பொத்தானை முழுவதும் அழுத்தினாலும் கதவு திறக்காது. இடைவெளியே இல்லாவிட்டால் நிலைமை அதைவிட மோசம்: கவ்வி முழுமையாக விழாமல் பாதியில் நின்று, கதவு சாத்தப்பட்டதுபோல் தோற்றமளித்து, ஓட்டத்தில் திறந்துகொள்ளும். கதவுப் பூட்டில் இரண்டு படிகள் இருப்பதன் காரணமும் இதுவே. முதற்படி கதவைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ளும், இரண்டாம் படி இறுக்கிப் பிடிக்கும். முதலாவது இரண்டாவதற்குக் காப்பு.

இந்தச் சிறிய கவ்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1950-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் நடத்திய விபத்து ஆய்வுகள், மோதலின்போது கதவு திறந்துகொண்டு பயணிகள் வெளியே எறியப்படுவது மரணத்துக்கு முக்கியமான காரணம் என்று காட்டின. அதன் விளைவாக 1956-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கார்களில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பூட்டுகள் வந்தன. ஜெர்மனியில் மெர்சிடிஸ் பென்ஸ் 1959-இல் கூம்பு வடிவ முளை கொண்ட பூட்டை அறிமுகப்படுத்தியது. அம்பாசிடரின் மூல வடிவமோ அதற்கு முந்தைய சிந்தனையில் உருவானது. அக்காலத்துக் கார்களில் பயணியை உள்ளே நிறுத்திவைக்க இருந்த பொறியமைப்பு பெரும்பாலும் கதவுப் பூட்டு மட்டுமே என்பதால், தேய்ந்த கவ்வியையும் ஸ்டிரைக்கரையும் தோற்றத்துக்காக மெருகேற்றித் திரும்பப் பொருத்துவது பொறுப்பற்ற செயல். சீட் பெல்ட் பொருத்தினாலும் இந்தத் தீர்ப்பு மாறாது.

பூட்டுக்கு அடுத்தது கண்ணாடி. பக்கக் கண்ணாடிகள் பொதுவாக முறுக்கேற்றப்பட்ட வகையைச் சேர்ந்தவை. கண்ணாடியை 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கிக் காற்றை வேகமாக வீசிக் குளிர்விக்கும்போது அதன் மேற்பரப்பு இறுகி அழுத்தத்திலும், உட்புறம் இழுவிசையிலும் நின்றுவிடுகின்றன. உடைந்தால் கூரிய துண்டுகளாகப் பிளக்காமல் சிறுசிறு மணிகளாக உதிர்வது இதனால்தான். இவ்வாறு முறுக்கேற்றிய பிறகு அதை வெட்டவோ துளையிடவோ முடியாது. அளவுக்கு வெட்டிய பின்னரே முறுக்கேற்ற வேண்டும். அக்காலக் கார்களின் பக்கக் கண்ணாடிகள் பெரும்பாலும் தட்டையாக இருந்ததால், உடைந்ததற்கு மாற்றாகக் கடைவீதியில் வாங்கிய சாதாரண ஜன்னல் கண்ணாடியை வெட்டிப் பொருத்திவிடும் ஆசை எழுவது இயல்பு. அது பயணியின் கழுத்துக்கு அருகே கத்தியை நிறுத்துவதற்குச் சமம். இரண்டு கண்ணாடிகளுக்கு இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டிய அடுக்குக் கண்ணாடியைத் தட்டையான அளவுக்கு வெட்டிக்கொள்ளலாம். மொத்தக் கனம் மூலக் கண்ணாடியின் கனத்துக்கு ஒத்திருந்தால் அது தடத்தில் தடையின்றி ஓடும்.

கண்ணாடியின் அடி விளிம்பில் ரப்பர் பட்டையோடு இறுக்கிச் செருகப்பட்ட உலோகத் தவாளிப்பு ஒன்று உண்டு. கண்ணாடியை ஏற்றி இறக்கும் பொறியின் கை இதற்குள்தான் ஓடுகிறது. புதிய கண்ணாடிக்கு இதை மாற்றும்போது, பழைய கண்ணாடியின் ஓரத்திலிருந்து தவாளிப்பு எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருந்தது என்று அளந்து குறித்துக்கொள்வது இன்றியமையாதது. சிறிது இடம் மாறினாலும் தூக்கும் விசை கண்ணாடியின் நடுவில் விழாமல் ஒரு பக்கமாக விழும். கண்ணாடி சாய்ந்து தடத்தில் இறுகும். ஓட்டுபவர் கைப்பிடியைப் பலமாகச் சுற்றுவார். பொறியின் பல் தேயும். பொறி கெட்டுவிட்டது என்று அடிக்கடி மாற்றப்படும் பல பழைய கார்களில் உண்மையான குற்றவாளி இந்தத் தவாளிப்பின் இடமோ, காய்ந்து சுருங்கிய தடத்தின் துணிப்பட்டையோதான். தவாளிப்பைத் தட்டி ஏற்றும்போது சோப்பு நீர் தடவினால் ரப்பர் வழுக்கி அமரும். எண்ணெய் தடவினால் ரப்பர் ஊதிக் கெடும்.

உதிரிபாகக் கடைகளில் ரெகுலேட்டர் என்று கேட்டு வாங்கப்படும் அந்தப் பொறியின் இயக்கம் எளிமையானது. கைப்பிடியைச் சுற்றும்போது சிறிய பற்சக்கரம் விசிறி வடிவப் பெரிய பற்சக்கரத்தைத் திருப்புகிறது; அதனோடு இணைந்த நீண்ட கை உயர்ந்து கண்ணாடியைத் தூக்குகிறது. சில கார்களில் கைக்குப் பதிலாக எஃகுக் கம்பிவடம் கண்ணாடியை இழுக்கும். கண்ணாடியின் எடையைச் சமன்செய்ய வலுவான சுருள் ஸ்பிரிங் ஒன்றும், கைப்பிடியைச் சுற்றும்போது மட்டும் இளகி, கண்ணாடி தன் எடையால் கீழே தள்ளும்போது இறுகிக்கொள்ளும் மற்றொரு சிறிய ஸ்பிரிங்கும் இதில் உண்டு. அந்தச் சிறிய ஸ்பிரிங் பழுதானால் மேடுபள்ளமான சாலையில் கண்ணாடி தானாகவே இறங்கும். பெரிய ஸ்பிரிங்கைப் பற்றி எச்சரிக்கை தேவை: பொறியைக் கதவிலிருந்து விடுவிக்கும்போது விசிறிப் பற்சக்கரம் முறுக்கின் வேகத்தில் சட்டென்று சுழன்று விரலை நசுக்கக்கூடும். அனுபவமுள்ளவர்கள் பொறியின் தகட்டையும் பற்சக்கரத்தையும் சேர்த்துப் போல்ட் இட்டு நிறுத்திய பின்னரே கழற்றுகிறார்கள். அதே போல்ட்டோடு திரும்பப் பொருத்தி, கண்ணாடியின் எடை கையில் ஏறிய பிறகே போல்ட்டை உருவுகிறார்கள்.

இந்தப் பொறியைத் தூக்கியெறிந்துவிட்டு மின்மோட்டார் பொருத்திக்கொள்வோரும் உண்டு. அது உரிமையாளரின் விருப்பம். ஆயினும் மூல உறுப்புகளைக் காப்பதற்கு மதிப்பு இருக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகள் மூல வடிவில் பேணப்பட்டு, சேசிஸ், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாமல் இருந்தால் பழம்பெருமை வாய்ந்த வண்டிகளாகத் தனியே பதிவு பெற முடியும். கதவின் உள்பொறி அந்த விதியில் தனித்துக் குறிப்பிடப்படவில்லை. இருந்தபோதிலும், கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் 2015-இல் திறந்த கார் அருங்காட்சியகத்தைப் பார்ப்பவருக்கு, ஒரு காரின் காலத்தைச் சொல்வதில் கைப்பிடியும் பூட்டும் எத்துணை பங்கு வகிக்கின்றன என்பது விளங்கும்.

உறுப்புகள் உள்ளே சென்ற பிறகு அவற்றை இறுக்கும் முறையில்தான் கையேட்டின் வாசகத்துக்கும் கைப்பழக்கத்துக்கும் உள்ள தூரம் தெளிவாகத் தெரிகிறது. முன்கதவில் முக்கோணக் கண்ணாடி இருந்தால் அதன் பின்புறச் சட்டமே பெரிய கண்ணாடியின் முன்புறத் தடமாகவும் அமைகிறது. பின்புறத் தடம் பூட்டை ஒட்டி இறங்குகிறது. பொறி இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. இந்த மூன்றின் போல்ட் துளைகளும் நீள்வட்டமாக விடப்பட்டிருப்பது, அவை இருந்த இடத்தில் முடிவாக இறுக்குவதற்கன்று, நகர்த்திச் சரிபார்ப்பதற்காகவே. இளம்பிள்ளையின் தறிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: பாவின் இழைகள் அனைத்தும் விழுதிலும் அச்சிலும் உரிய கண்களில் கோக்கப்பட்ட பின்னரே சேர்த்து இழுத்துக் கட்டப்படுகின்றன, சில இழைகள் முன்னதாக இறுகினால் நெய்யும் துணி முழுவதும் சுருங்கும். கதவிலும் எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் மட்டும் திருகிவைத்து, கண்ணாடியை உச்சிவரை ஏற்றி, அது மேல் சட்டத்தில் சாய்வின்றி அமர்ந்ததைக் கண்ட பிறகு மேற்பகுதித் திருகுகளை இறுக்க வேண்டும்; பிறகு அடிவரை இறக்கி, தடங்களின் கீழ்முனைகள் தாமாக நிற்கும் நிலையில் கீழ்ப்பகுதித் திருகுகளை இறுக்க வேண்டும்; கடைசியில் பொறியின் திருகுகள். ஒரு திருகை இறுக்கும்போதெல்லாம் கண்ணாடியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தால், எந்தத் திருகு தடத்தை வளைக்கிறது என்பது அந்த நொடியிலேயே தெரிந்துவிடும். அவசரப்படுவோர் எல்லாவற்றையும் இறுக்கிவிட்டுப் பிறகு காரணம் தேடுகிறார்கள்.

அடுத்து வருவது சோதனை. கதவை ஒருபோதும் முதலில் சாத்திப் பார்க்கக் கூடாது. கதவு திறந்திருக்கும் நிலையிலேயே ஸ்குரூ டிரைவரால் கவ்வியைத் தள்ளி இரண்டு படிகளிலும் விழச் செய்து, உட்கைப்பிடி, வெளிக்கைப்பிடி இரண்டாலும் அது விடுபடுகிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி ஒன்று கழன்ற நிலையில் கதவு சாத்தப்பட்டுவிட்டால், டோர் பேட் என்ற உட்பலகை மூடியிருக்கும்பட்சத்தில் அதைத் திறக்க ரெக்சினையோ தகட்டையோ கிழிப்பதைத் தவிர வழி இருக்காது.

உட்பலகையைப் பொருத்தும் முன் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். பழைய கார்களில் பெரும்பாலும் தொலைந்துபோயிருக்கும் உறுப்பு இது. உள்தகட்டின் பெரிய துளைகளை மூடி, கதவுக்குள் வழியும் நீர் பயணியின் பக்கம் தெறிக்காமல் காக்கும் இந்தத் தாள் முன்பு தார் பூசியதாக இருந்தது. இப்போது கனமான பாலித்தீன் தாள் போதுமானது. அதன் கீழ் ஓரத்தை உட்பலகையின் பக்கம் தொங்கவிடாமல், உள்தகட்டின் அடிப்பிளவு வழியே கதவுக்குள் செருகிவிட வேண்டும். அப்போதுதான் தாளில் வழியும் துளிகள் கதவுக்குள் விழுந்து வடிகாலைச் சேரும். ரெக்சின் போர்த்திய ஹார்டுபோர்டால் ஆன பழைய டோர் பேட் ஈரம் பட்டால் ஊதும். ஊதிய பலகையில் கிளிப் மாட்டும் துளைகள் கிழியும். கிழிந்த துளையில் கிளிப் நிற்காது. டோர் பேட் ஆடுகிறது என்று மர ஸ்குரூவைத் தகட்டில் ஏற்றுவது, துருவுக்குப் புதிதாக ஒரு வாசல் திறப்பதாகும். பலகை கெட்டிருந்தால் அதே அளவில் புதிய பலகை வெட்டி, பின்புறத்துக்கு வார்னிஷ் கொடுத்து ரெக்சின் ஒட்டுவது செலவு குறைந்த, நிலைத்த தீர்வு.

கைப்பிடிகள் கடைசியாக ஏறுகின்றன. பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் கைப்பிடியின் அடியில் உள்ள வட்ட மூடியை உள்நோக்கி அழுத்தினால் குறுக்கே ஒரு சிறு ஊசி தெரியும். அதுவே கைப்பிடியைப் பிடித்திருக்கிறது. டோர் பேட்டுக்குப் பின்னால் உள்ள ஸ்பிரிங் மூடியை வெளியே தள்ளி ஊசி நழுவாமல் மறைத்து வைக்கிறது. கண்ணாடி முழுவதும் ஏறிய நிலையில் இரு பக்கத்துக் கைப்பிடிகளும் ஒரே கோணத்தில் நிற்கும்படி பார்த்து ஊசியைச் செருக வேண்டும். பிறகு ஒரு குடம் நீரைக் கண்ணாடியின் மேலிருந்து மெதுவாக ஊற்றிக் கதவின் அடியைக் கவனித்தால் போதும். நீர் வடிகால் துளைகள் அனைத்தின் வழியாகவும் தடையின்றிச் சொட்டி, டோர் பேட்டின் கீழ் ஓரம் உலர்ந்திருந்தால் வேலை முடிந்தது, ஒரு துளையிலிருந்து மட்டும் சொட்டினால் மற்றவை அடைபட்டிருக்கின்றன என்பதால் அவற்றை அன்றே திறந்துவிட வேண்டும்.